26 கிலோ மூட்டை எங்கிருந்து வந்தது? சிறு தொழிலுக்குச் சங்கம் எதற்கு?

சில வருடங்களுக்கு முன்னால் அரிசிக் கடையில் போய் நின்றால் 25 கிலோ மூட்டை என்றுதான் கேட்போம். இப்போது பல கடைகளில் 26 கிலோ மூட்டையைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். அந்த ஒரு கிலோ ஏன் கூடியது என்று நிறைய பேர் யோசிப்பதே இல்லை. சிறு தொழில் நடத்துகிறவருக்குச் சங்கம் எதற்கு என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் இந்த மூட்டையைத்தான் காட்டுவேன்.

2022 ஜூன் மாதம் சண்டிகரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், பையில் அடைத்து லேபிள் போட்டு விற்கும் அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீத வரி என்று முடிவு செய்தது. ஜூலை 18 முதல் அமல். அதுவரைக்கும் பிராண்டு பெயரை வைத்துத்தான் வரி வந்தது, அதனால் மன்னார்குடிப் பக்கம் ஏதோ ஒரு சின்ன ஆலையில் மாட்டுப் படம் போட்டு அடைக்கிற மூட்டை பெரும்பாலும் வரிக்குள் வராமலே ஓடிக்கொண்டிருந்தது. புதிய விதியில் பிராண்டு என்ற பேச்சே போய், எடையளவுச் சட்டப்படி லேபிள் போட வேண்டிய பொட்டலமா இல்லையா என்பதுதான் கேள்வியாகிவிட்டது. அந்த எடையளவு விதிகளோ 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்குப் பொருந்தாது. ஆக, 25 கிலோ வரைக்கும் வரி உண்டு, 26 கிலோ என்றால் இல்லை. மத்திய அரசே விளக்கம் கொடுத்து இதைத் தெளிவாக்கியது.

சரி, இதை வலங்கைமானில் ஒரே ஒரு மெஷினை வைத்துக்கொண்டு ஓட்டுகிற ஆலைக்காரர் எப்படித் தெரிந்துகொள்வார்? விளக்கம் வந்தது ஆங்கிலத்தில், அதுவும் அமலுக்கு வருவதற்கு முந்தைய நாள். அவருக்கு வண்டிக்காரன் பிரச்சினை, ஈர நெல் பிரச்சினை, மூட்டை தூக்க ஆள் வராத பிரச்சினை எல்லாம் இருக்கிறது. ஆனால் சங்கத்தில் இருப்பவர் போனில், "25 கிலோ மூட்டை அடைக்காதீங்க, சாக்குக்கு ஆர்டர் கொடுக்குறதா இருந்தா 26-ன்னு மாத்திக் கொடுங்க" என்று ஒரே வரியில் ஒரு செய்தி வந்து விழும். அவருக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, கோட்டைப் போட்டது அரசு, அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று பார்த்தது வியாபாரி. ஆனால் மாதம் ஐந்து கிலோ, பத்து கிலோ என்று வாங்குகிற வீட்டுக்கு வரி விழுகிறது, மூட்டையாக வாங்கக் கையில் காசு இருக்கிற வீட்டுக்கு விழவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிற விஷயம்தான்.

இப்போது சங்கம் என்றால் என்ன என்று பார்ப்போம். சட்டப்படி பெரிய விஷயமே இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும், துணைவிதிகளை எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். வருடா வருடம் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தெருவுக்கு ஒரு வணிகர் சங்கம், அதற்கு மேலே நகரச் சங்கம், மாவட்டம், மாநிலம் முழுக்கப் பேரமைப்பு என்று அடுக்கடுக்காகப் போகும். மே 5 வணிகர் தினத்தன்று கடை அடைத்துவிட்டு மாநாட்டுக்கு வேன் பிடித்துப் போவது இந்த மாநில அடுக்குக்காகத்தான். இன்னொரு பக்கம் பொருளை வைத்துச் சேர்கிற சங்கங்கள் உண்டு: அரிசி ஆலை, ஓட்டல், பாத்திரம், நகை, மருந்துக் கடை. தொழிற்சாலை நடத்துகிற சிறு முதலாளிகளுக்கு மாநில அளவில் டான்ஸ்டியா இருக்கிறது, கோவையில் கொடிசியா இருக்கிறது, திருச்சியில் பெல் நிறுவனத்துக்கு உதிரி வேலை செய்கிறவர்களுக்கென்றே சங்கம் இருக்கிறது.

டெல்டாவில் நிலைமை கொஞ்சம் வேறு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கிலும் கோவை மாதிரி வரிசையாகப் பட்டறைகள் கிடையாது. இங்கே தொழில் என்றால் நெல், அதைச் சுற்றிய ஆலை, கும்பகோணத்துப் பாத்திரம், நாச்சியார்கோவில் விளக்கு, சுவாமிமலைச் சிலை, திருபுவனம் பட்டு, அப்புறம் காபித்தூள், அப்பளம், இனிப்பு. ஆளுக்கு நாலு பேர், எட்டு பேர் வேலை பார்க்கிற இடங்கள். அதனால் கடைக்காரருக்கும் செய்பவருக்கும் தனித்தனிச் சங்கம் இல்லாத ஊர்களில் நகர வர்த்தகர் சங்கமே எல்லாவற்றுக்கும் பஞ்சாயத்து.

என் சித்தப்பா கதையைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். கும்பகோணத்தில் முப்பது வருடமாக காபித்தூள் கடை. கொட்டையை வறுத்து, கேட்கிறவர் கண்ணெதிரே அரைத்து, சூடு ஆறுவதற்குள் காகிதப் பையில் போட்டுக் கொடுப்பார். "எண்பது இருபதா, எழுபது முப்பதா" என்பதுதான் கேள்வி. எண்பது காபி, இருபது சிக்கரி. வாடிக்கையாளர் முன்னால் எடை போட்டு உதிரியாகக் கொடுப்பதால் பொட்டல லேபிள் விதி எதுவும் அவரைத் தொட்டதே இல்லை. பிறகு பாபநாசத்திலும் வலங்கைமானிலும் இரண்டு மளிகைக் கடைக்காரர்கள், "பாக்கெட்டா போட்டுக் கொடுங்க, வித்துத் தர்றோம்" என்று கேட்டார்கள். சித்தப்பா உற்சாகமாகக் கவர் அடித்தார். முதல் தவணை ஆயிரம் கவர். பச்சைக் காப்பிக் கிளை, பித்தளை டபரா, நடுவில் பெரிய எழுத்தில் "100% தூய கும்பகோணம் காபி". கீழே "எடை: சுமார் 200 கிராம்".

அதைப் பெருமையாகக் காட்டத்தான் சித்தப்பா சங்கச் செயலாளரின் கடைக்குப் போனார். செயலாளர் பாத்திரக் கடைக்காரர், சித்தப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர். கவரைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து ஒரு நிமிடம் பார்த்தார்.

"ஏம்ப்பா, இதுல சிக்கரி இருக்கா இல்லையா?"

"இருக்குண்ணே. இருபது."

"அப்புறம் நூறுன்னு போட்டிருக்க?"

"அது சும்மா ஒரு இதுக்குண்ணே..."

"சும்மா இதுக்கெல்லாம் நோட்டீஸ் வரும். சுமார் இருநூறுன்னு வேற போட்டிருக்க. சுமார்ங்கற வார்த்தையே வரக்கூடாது. தராசுல வச்சா இருநூறு இருக்கணும், அவ்வளவுதான்."

பிறகு மேஜை டிராயரிலிருந்து சங்கம் அடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். இரண்டு பக்கம், முழுக்கத் தமிழில். நான் அந்தத் தாளைப் பார்த்திருக்கிறேன், உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஒரு பாக்கெட் காபித்தூளை மூன்று துறைகள் பார்க்கின்றன என்று அதில் தொடங்கியிருந்தார்கள். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண், சேர்மானப் பட்டியல், பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி, பேட்ச் எண், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி எல்லாம் வேண்டும். காபி சிக்கரிக் கலவை என்றால் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், இரண்டும் எத்தனை சதவீதம் என்று கவரில் அச்சிட வேண்டும். எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது நம் மாநிலத்தில் தொழிலாளர் துறை. அவர்களுக்கு அடைத்தவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், வருடம், எல்லா வரியும் சேர்ந்த எம்ஆர்பி, ஒரு கிராம் என்ன விலை, புகார் சொல்ல போன் எண். இது போக, அடைப்பவர் என்று அந்தத் துறையில் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும், இதைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். மூன்றாவது வணிகவரித் துறை.

சித்தப்பா கேட்ட அடுத்த கேள்வியை நானும் கேட்டிருப்பேன்: "மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கலாமாண்ணே?" முடியாது. கட்டாயமாக இருக்க வேண்டிய விவரத்தை ஸ்டிக்கர் ஒட்டித் திருத்த எடையளவு விதியில் இடமில்லை, விலையைக் குறைத்துக் காட்ட மட்டும் ஒட்டலாம். ஆயிரம் கவரோடு போயிற்று. மளிகைக் கடையில் அடுக்கிய பிறகு ஆய்வாளர் வந்து எடுத்திருந்தால் கவர் மட்டும் போயிருக்காது, அந்த இரண்டு கடைக்காரர்களும் மாட்டியிருப்பார்கள், அதோடு அந்த வியாபாரமும் போயிருக்கும்.

சங்கத்தின் முதல் வேலை இந்த மாதிரிதான். அரசாணை, அறிவிக்கை, சுற்றறிக்கை என்று மேலேயிருந்து வருவதை, நாளைக் காலையில் கடையைத் திறந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று மாற்றிச் சொல்வது. பெரிய கம்பெனிகளுக்கு இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் உண்டு. எட்டு பேர் வேலை பார்க்கிற இடத்தில் முதலாளியே வறுக்கிறார், அவரேதான் கணக்கு எழுதுகிறார். அதற்காக ஆள் வைக்கக் கட்டாது. நூறு பேர் சேர்ந்து சந்தா போட்டால் ஒரு கணக்காளரையோ வக்கீலையோ வரவழைத்து இரண்டு மணி நேரம் கேள்வி கேட்கலாம்.

நோட்டீஸ் வந்தால் வருகிற பயத்தைப் போக்குவதும் இந்த வேலையில் சேர்த்திதான். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மேம்பாட்டு அறிவிப்பு என்று ஒன்று உண்டு. இன்னின்ன குறை இருக்கிறது, இத்தனை நாளுக்குள் சரி செய்யுங்கள் என்று வரும், குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். அதைப் பார்த்ததும் கடைக்கு சீல் வைக்கப் போகிறார்கள் என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்கனவே அதே நோட்டீஸ் வாங்கி, வெள்ளையடித்து, வலை போட்டு, போட்டோ எடுத்துப் பதில் அனுப்பிய இன்னொரு உறுப்பினர் பக்கத்தில் உட்கார்ந்து, "இதுக்குப் பதில் போடலைன்னாதான் பிரச்சினை" என்று சொன்னால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

இரண்டாவது வேலை எதிர்த் திசையில். கீழே நடப்பதை மேலே கொண்டுபோவது. சட்டம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேண்டுமென்று கெடுதல் செய்வதில்லை, அவர்களுக்கு நம் பட்டறை எப்படி ஓடுகிறது என்று தெரியாது, அவ்வளவுதான். பல விதிகளுக்கு வரைவு வெளியிட்டு, இத்தனை நாளுக்குள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிக்கிறார்கள். அந்தக் கருத்தைத் தனி ஆளாக எழுதலாம், தடையில்லை, ஆனால் யார் எழுதுகிறோம்? மின்கட்டணத்தை உயர்த்துவதற்கு முன் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 2022 உயர்வுக்கு முன்பு கோவை, மதுரை, சென்னையில் நடத்தினார்கள். நாகப்பட்டினத்தில் ஐஸ் கட்டி அடிக்கிறவர் ஒரு நாள் வேலையைப் போட்டுவிட்டு மதுரைக்குப் போவாரா? சங்கங்கள் போய்ப் பேசின, ஆனாலும் அந்த வருடம் செப்டம்பரில் கட்டணம் ஏறியது. பிறகு 2023-ல் சிறு தொழில் சங்கங்கள் சேர்ந்து கதவடைப்பு வரை போயின. அதன் பிறகுதான் மாலை, காலை உச்ச நேரத்துக்கான கூடுதல் கட்டணம் சிறு தொழில்களுக்கு 25 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைந்தது. கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. எப்போதுமே முழுசாகக் கிடைக்காது.

ஓட்டல் கதையும் அதே மாதிரிதான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி ஓட்டலுக்கு 18, ஏசி இல்லாததற்கு 12 என்று இருந்தது. இட்லிக்கு இத்தனை வரியா என்று சங்கங்கள் நாடு முழுக்கக் கத்தின, நவம்பர் 15 முதல் இரண்டுமே 5 சதவீதமாயின. ஆனால் அதோடு, வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்கிற வசதியும் போய்விட்டது. சலுகை என்று வருவதை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம் எடுக்கக் கெடு வைத்தபோதும் வணிகர் அமைப்புகள் நெருக்கியதால் அந்தக் கெடு ஒன்றல்ல, பல முறை தள்ளிப்போனது. காலம் வாங்கித் தருவதும் ஒரு உதவிதான். அந்தக் காலத்தைப் பயன்படுத்தாமல் கடைசி நாள் பிரவுசிங் சென்டரில் வரிசையில் நிற்பது நம் தப்பு.

சில விஷயங்களில் சங்கம் இல்லாவிட்டால் வழியே கிடையாது. ஒரு பொருள் இந்த ஊருக்கே உரியது என்று தருகிற புவிசார் குறியீடு அப்படி. 1999 சட்டப்படி தனி ஒருவர், எவ்வளவு பெரிய கைவினைஞராக இருந்தாலும், அதற்கு விண்ணப்பிக்க முடியாது. உற்பத்தியாளர்களின் சங்கமோ, அவர்கள் சார்பில் நிற்கிற அமைப்போதான் கேட்க முடியும். திருபுவனம் பட்டு 2019-ல் வாங்கியது, கும்பகோணம் வெற்றிலை 2025-ல். குறியீடு கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த முத்திரையைப் போட்டு விற்க ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அங்கே மறுபடியும் சங்கம் படிவத்தோடு வீடு வீடாகப் போனால்தான் ஆகும்.

சுவாமிமலையில் வேறு மாதிரிச் சிக்கல். சிலை வார்க்கிறவர் வெளிநாட்டுக்கு ஒரு நடராஜரை அனுப்புகிறார். போன மாதம் மெழுகில் பிடித்து, காவிரி வண்டல் பூசி, உருக்கி ஊற்றியது. ஆனால் பார்க்கிறவனுக்கு அது சோழர் காலத்துச் சிலை மாதிரிதானே இருக்கும், அப்படி இருக்க வேண்டும் என்றுதானே செய்கிறார்கள்! நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை வெளியே கொண்டுபோக 1972 சட்டம் தடை போடுகிறது, ஆகவே இது பழைய சிலை இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். நன்றாக வேலை செய்தவனுக்குத்தான் சந்தேகம் அதிகமாக வருகிறது. புதிதாகப் பட்டறை போட்ட ஒருவர் இந்தச் சான்றைப் பற்றி முதன்முதலாகச் சுங்கத்துறை பார்சலை நிறுத்தும்போது தெரிந்துகொள்வதா, அல்லது பக்கத்துப் பட்டறைக்காரரிடம் ஆர்டர் எடுக்கும்போதே தெரிந்துகொள்வதா?

வதந்தியை அடக்குவதும் ஒரு வேலை. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தபோது, இனிமேல் இங்கே ஒரு மாவு மில்கூட வைக்க முடியாது என்று டீக்கடைகளில் பேசிக்கொண்டார்கள். சட்டத்தின் அட்டவணையைப் பிரித்துப் பார்த்தால் துத்தநாகம், செம்பு, அலுமினியம் உருக்கும் ஆலைகள், இரும்பு ஆலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைப்பு, எண்ணெய் எரிவாயு எடுப்பது போன்றவைதான் தடைப் பட்டியலில் இருக்கின்றன. அரிசி ஆலை அதில் இல்லை. ஆனால் நெல் அவிக்கிற ஆலையாக இருந்தால் கழிவுநீருக்காக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வாங்க வேண்டும், அது எப்போதும் இருந்த விதி. இரண்டையும் குழப்பிக்கொண்டு கடன் கேட்டதையே வாபஸ் வாங்கிய ஆட்களை எனக்குத் தெரியும்.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று, இப்போது சங்கத்தின் மறுபக்கம். சங்கம் கூடி, "நாளை முதல் எல்லாரும் இந்த விலைக்குத்தான் விற்க வேண்டும்" என்று தீர்மானம் போடுவது நம் ஊரில் சகஜம், போர்டே எழுதி வைப்பார்கள். அது 2002 போட்டிச் சட்டத்துக்கு விரோதம். மருந்து வணிகர் சங்கங்கள் சில, தங்கள் தடையில்லாச் சான்று இல்லாமல் யாருக்கும் சரக்கு கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்ததற்காக இந்தியப் போட்டி ஆணையத்திடம் அபராதம் வாங்கியிருக்கின்றன. சேர்ந்து மனு கொடுக்கலாம், சேர்ந்து வழக்குப் போடலாம், சேர்ந்து விலை வைக்கக் கூடாது.

அப்புறம் புரோக்கர் சங்கம். "ஆபீசுல கவனிக்கணும், ஆளுக்கு இவ்வளவு" என்று ரசீது இல்லாமல் வசூல் செய்கிற இடத்துக்கு லெட்டர்பேடு இருக்கலாம், ஆனால் அது சங்கம் இல்லை. நீங்கள் சேரப் போகிற இடத்தில் பதிவு எண்ணைக் கேளுங்கள், போன வருடப் பொதுக்குழு எப்போது நடந்தது என்று கேளுங்கள், சந்தாவுக்கு ரசீது கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். சில இடங்களில் நாலு பெரிய மொத்த வியாபாரிகள் பேசுவதுதான் சங்கத்தின் குரல், அவர்களுக்கு வசதியான விதி சின்ன ஆளுக்கு இடைஞ்சலாக இருந்தாலும் மனு அவர்கள் பெயரில்தான் போகும். அதற்குச் சின்ன ஆட்கள் கூட்டத்துக்கு வருவதைத் தவிர வேறு மருந்தில்லை.

உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் காசு இழக்கிறார்கள். அரசு தளத்தில் அது முழுக்க இலவசம், யாராவது இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். பொருள் செய்கிறவர் அந்தப் பதிவை வைத்திருந்தால், சரக்கு வாங்கிய கம்பெனி அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தராவிட்டால் வட்டியோடு வாங்கித் தரத் திருச்சி உட்படச் சில இடங்களில் மன்றம் இருக்கிறது. வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கும் உத்யம் பதிவு தருகிறார்கள், ஆனால் அது வங்கிக் கடனுக்குத்தான் உதவும், இந்த 45 நாள் உரிமை அவர்களுக்கு இல்லை.

சித்தப்பாவின் புதுக் கவர் வந்துவிட்டது. டபராவும் கிளையும் அப்படியே இருக்கின்றன, நூறு போய் "காபி 80%, சிக்கரி 20%" என்று வந்திருக்கிறது. முதலில் விற்காது என்று பயந்தார், பாபநாசத்துக் கடைக்காரரோ எழுபது முப்பதும் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் சங்கக் கட்டடத்தில் முத்திரை முகாம். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒரு தடவை, எடைக்கல்லுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முத்திரை போட வேண்டும். ஒவ்வொருவரும் தராசைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு அலையாமல் இருக்க, அதிகாரியையே ஒரு நாள் இங்கே வரச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். சித்தப்பா இப்போதே தராசைக் கவிழ்த்துப் போட்டு, இடுக்கில் அப்பியிருக்கிற காபித்தூளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருக்கிறார்.